பெரிய தரவுக் கோப்புகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றுதல்: செயல்திறன் சோதிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தரவுத்தளத்தின் வேகத்தை அளக்கப் புறப்படுவோர் வினவல்களைப் பற்றி நிறையவே யோசிக்கிறார்கள். அதற்கு முன் சில கோடிப் பதிவுகளை உள்ளே கொண்டு சேர்ப்பதை, இரவில் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்துக்கொள்ளும் எடுபிடி வேலையாகவே பலரும் கருதுகிறார்கள். ஆனால் அட்டவணை எந்த வரிசையில் நிரம்பியது, பதிவுகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் எப்போது கட்டப்பட்டது, நிரம்பியபின் என்னென்ன பராமரிப்பு நடந்தது என்பவையெல்லாம் பின்னர் கிடைக்கும் ஒவ்வோர் எண்ணிலும் கலந்துவிடுகின்றன. அந்தக் கோணத்தில் எழும் கேள்விகளுக்கே இங்கு விடை எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் டிபிசி-ஹெச் என்னும் பொது அளவுகோலின் தரவையும் சார்ந்தவை. மைஎஸ்கியூஎல் என்னும் மற்றொரு தரவுத்தளத்தைப் பற்றித் தனியே ஒரு கேள்வி உண்டு.

சோதனைக்கு எந்தத் தரவைப் பயன்படுத்துவது?

உங்கள் நிறுவனத்தின் உண்மையான தரவின் நகல், பெயர்களும் தொலைபேசி எண்களும் மறைக்கப்பட்ட நிலையில் கிடைக்குமானால், அதற்கு இணையானது வேறில்லை. மறைக்கும்போது எல்லாப் பெயர்களையும் ஒரே சொல்லாக மாற்றிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் மதிப்புகளின் பரவல் அழிந்துபோகும். பரவல் அழிந்த தரவைக் கொண்டு வினவல்களைச் சோதிப்பதில் பயனில்லை.

அத்தகைய நகல் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் டிபிசி-ஹெச் பக்கம் வருகிறார்கள். 1988இல் தொடங்கப்பட்ட டிபிசி என்னும் தொழில்துறை மன்றம் 1999இல் வெளியிட்ட அளவுகோல் இது. பொருள்கள், அவற்றை வழங்குவோர், வாடிக்கையாளர்கள், ஆர்டர்கள் என்று ஒரு மொத்த வணிக நிறுவனத்தின் தரவைக் கற்பனையாக உருவாக்கி, 8 அட்டவணைகளிலும் 22 வினவல்களிலும் அடக்கியிருக்கிறார்கள். டிபிஜென் என்ற சிறிய சி நிரலை உங்கள் கணினியிலேயே தொகுத்து ஓட்டினால் வேண்டிய அளவுக்குக் கோப்புகள் கிடைத்துவிடும்.

இதன் குறை, மதிப்புகள் பெரும்பாலும் சீராகப் பரவியிருப்பது. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பாதி ஆர்டர்கள் வருவது போன்ற கோணல்கள் இதில் இல்லை. வினவல் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் பிளானர் பகுதியைக் கசக்கிப் பார்க்க விரும்புவோர், ஐஎம்டிபி திரைப்படத் தரவின் மேல் 2015இல் அமைக்கப்பட்ட ஜாயின் ஆர்டர் பெஞ்ச்மார்க்கை எடுத்துக்கொள்ளலாம். அதில் 21 அட்டவணைகளும் 113 வினவல்களும் உள்ளன. கோப்புகளின் மொத்த அளவு ஏறத்தாழ 3.6 ஜிபி மட்டுமே என்றாலும், மனிதர்கள் உண்டாக்கிய தரவுக்கே உரிய ஒழுங்கின்மை அதில் அப்படியே இருக்கிறது.

எவ்வளவு பெரிய தரவு தேவை?

டிபிஜென் நிரலில் அளவுக் காரணி என்று ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். காரணி 1 என்றால் ஏறத்தாழ 1 ஜிபி, 10 என்றால் 10 ஜிபி என்று அது வளரும். காரணி 1இல் ஆர்டர்ஸ் அட்டவணையில் 15 லட்சம் பதிவுகளும், ஒவ்வோர் ஆர்டரின் உள் விவரங்களைத் தாங்கும் லைன்ஐடெம் அட்டவணையில் 60,01,215 பதிவுகளும் இருக்கும்.

இந்த ஜிபி எண்களைக் காட்டிலும் முக்கியமானது, உங்கள் சர்வரின் நினைவகத்தோடு தரவுக்கு உள்ள விகிதம். 64 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 10 ஜிபி தரவை ஏற்றிச் சோதித்தால், முதல் ஓட்டத்துக்குப் பின் எல்லாமே நினைவகத்தில் வந்து அமர்ந்துவிடும். அதன்பின் நீங்கள் அளப்பது சிபியூவின் வேகத்தையே ஒழிய டிஸ்க்கின் வேகத்தை அல்ல. அதுவே உங்கள் நோக்கம் என்றால் தவறில்லை. உற்பத்திச் சூழலில் தரவு நினைவகத்தைப் போல் ஐந்து மடங்கு இருக்குமானால் சோதனையிலும் அந்த விகிதத்தைக் காக்க வேண்டும். பெரிய தரவை உருவாக்க இடமில்லாதவர்கள் சோதனைச் சர்வரின் நினைவகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பலருக்கும் தோன்றாத எளிய வழி இது.

மிகப் பெரிய அளவுகளுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்டர் எண்கள் இடைவெளி விட்டு வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு 32 எண்களிலும் முதல் 8 மட்டுமே பயன்படும். ஆகவே காரணி 1இலேயே மிகப் பெரிய ஆர்டர் எண் 60 லட்சம் ஆகிறது. காரணி 1000இல் அது 600 கோடியாகி, சாதாரண இன்டிஜர் வகையின் உச்சமான சுமார் 214 கோடியைத் தாண்டிவிடும். அந்தப் புலத்தைத் தொடக்கத்திலேயே பிக்இன்ட் என்று அறிவித்துவிடுவது நல்லது.

டிபிஜென் கோப்புகளை ஏற்றும்போது கடைசிப் புலத்துக்குப் பிறகு கூடுதல் தரவு இருப்பதாகப் பிழை வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. டிபிஜென் எழுதும் கோப்புகளில் புலங்கள் செங்குத்துக் கோட்டால் பிரிக்கப்படுகின்றன. கடைசிப் புலத்துக்குப் பின்னும் ஒரு கோடு போடப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் அந்தக் கடைசிக் கோட்டைப் பார்த்து, இன்னொரு புலம் வருவதாக எண்ணிக்கொள்கிறது. லினக்ஸில் உரையைத் திருத்தும் செட் நிரலைக் கொண்டு வரியின் இறுதியில் வரும் கோட்டை நீக்கினால் போதும். திருத்திய கோப்பை டிஸ்க்கில் மறுபடி எழுத வேண்டிய அவசியமும் இல்லை. செட் நிரலின் வெளியீட்டைப் பைப் வழியாக நேரே போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல் நிரலுக்கு ஊட்டலாம். 100 ஜிபி கோப்பை ஒரு முறை கூடுதலாக எழுதிப் படிக்கும் நேரம் அதனால் மிச்சமாகும். ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்ட கோப்புகளையும் இதே போல விரித்துக்கொண்டே ஏற்றலாம்.

இன்சர்ட் கட்டளைகளைக் கொண்டு ஏற்றினால் என்ன?

சில ஆயிரம் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது. கோடிக்கணக்கில் போகும்போதுதான் சிக்கல். தனித்தனி இன்சர்ட் கட்டளை ஒவ்வொன்றும் நெட்வொர்க்கில் போய் வருகிறது, பாகுபடுத்தப்படுகிறது, திட்டமிடப்படுகிறது. கமிட் ஆகும்போது, அதாவது மாற்றம் நிலைபெறும்போது, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் முன்பதிவேடு டிஸ்க்கில் உறுதியாக எழுதப்படும்வரை காத்து நிற்கிறது. இவற்றில் கடைசியாகச் சொன்னதே பெரும்பாலும் அதிக நேரத்தை விழுங்குகிறது. ஆயிரக்கணக்கான இன்சர்ட்களை ஒரே பரிவர்த்தனையில் (மொத்தமாக நிறைவேறும் அல்லது மொத்தமாக ரத்தாகும் தொகுப்பில்) அடைத்தாலே வேகம் பல மடங்கு கூடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரே இன்சர்ட்டில் பல பதிவுகளைக் கோத்து அனுப்புவது அடுத்த படி. இதற்கு ஓர் எல்லை உண்டு: போஸ்ட்கிரெஸ் நெறிமுறையில் ஒரு கட்டளைக்கு 65,535 அளவுருக்களுக்கு மேல் இணைக்க முடியாது. லைன்ஐடெம் அட்டவணையில் 16 புலங்கள் இருப்பதால் ஒரு கட்டளையில் 4,095 பதிவுகளே அடங்கும்.

இத்தனை சிரமப்படுவதற்குப் பதிலாக காப்பி கட்டளையைப் பயன்படுத்துவதே முறை. அது திட்டமிடல் எதுவுமின்றிப் பதிவுகளை ஓடையாக வாங்கி, தொகுதி தொகுதியாக அட்டவணையில் எழுதுகிறது. ஜாவா, பைத்தான் ஆகியவற்றின் போஸ்ட்கிரெஸ் டிரைவர்களிலும் காப்பிக்கான வழி இருக்கிறது; நிரல் எழுதித்தான் ஏற்றியாக வேண்டும் என்பவர்களும் இன்சர்ட்டிடம் திரும்ப வேண்டியதில்லை.

காப்பி கட்டளை கோப்பைக் காணவில்லை என்கிறது. கோப்பு என் கண்முன் இருக்கிறதே?

உங்கள் கணினியில் இருக்கிறது, சர்வரில் இல்லை. வெறும் காப்பி, சர்வர் இயங்கும் கணினியின் கோப்புகளைத் தேடும். அதற்குரிய அனுமதியும் வேண்டும். பின்சாய்கோட்டுடன் தொடங்கும் காப்பி, பிஎஸ்கியூஎல் நிரலின் சொந்தக் கட்டளை. அது உங்கள் கணினியிலுள்ள கோப்பைப் படித்து நெட்வொர்க் வழியாக அனுப்பும். ஏற்றும் நேரத்தையும் அளப்பவர்கள் இவ்விரண்டில் எதைப் பயன்படுத்தினார்கள் என்பதைக் குறித்து வைக்க வேண்டும்.

இண்டெக்ஸ்களையும் திறவுகோல்களையும் முதலில் அமைப்பதா, பிறகா?

காலி அட்டவணையை நிரப்புகிறீர்கள் என்றால் பிறகு. இண்டெக்ஸ் முன்பே இருந்தால், உள்ளே வரும் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் மர அமைப்பில் உரிய இடத்தைத் தேடிச் செருக வேண்டியிருக்கும். மதிப்புகள் தாறுமாறாக வரும்போது ஒவ்வொரு செருகலும் மரத்தின் வெவ்வேறு பக்கத்தை (டிஸ்க்கில் எழுதப்படும் தொகுதியை) தொடும். மரம் நினைவகத்தை மீறி வளர்ந்தபின் வேகம் படுத்துவிடும். முதல் 1 கோடிப் பதிவுகள் விறுவிறுவென ஏறி, அதன்பின் ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கண்டிருக்கிறார்கள். ஏற்றி முடித்தபின் கட்டினாலோ, போஸ்ட்கிரெஸ் எல்லா மதிப்புகளையும் ஒரே தடவையில் வரிசைப்படுத்தி, மரத்தை அடியிலிருந்து அடுக்கிக்கொண்டு வருகிறது. 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து பிட்ரீ என்னும் இந்த மர வகை இண்டெக்ஸ்களைப் பல செயலாக்கங்கள் சேர்ந்து கட்டவும் முடிகிறது.

ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலும் ஓர் இண்டெக்ஸ்தான் என்பதைச் சிலர் மறந்துவிட்டு, அதை மட்டும் அட்டவணை உருவாக்கும் கட்டளையிலேயே விட்டுவிடுகிறார்கள். வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் அயல் திறவுகோலின் பாதிப்பு இன்னும் மோசம்: ஏற்றப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சரிபார்ப்பு வரிசையில் சேர்க்கப்படும், கோடிக்கணக்கான பதிவுகளை ஒரே காப்பியில் ஏற்றினால் அந்த வரிசையே நினைவகத்தை நிரப்பிவிடக்கூடும். தரவு ஏறியபின் கட்டுப்பாட்டைச் சேர்த்தால், இரண்டு அட்டவணைகளையும் ஒரு முறை இணைத்துப் பார்ப்பதோடு சரிபார்ப்பு முடிந்துவிடும்.

ஏற்கெனவே நிறைந்திருக்கும் அட்டவணையில் கொஞ்சம் தரவைச் சேர்ப்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. பத்துப் பதிவுகளைச் சேர்க்க மரத்தையே வெட்டி நடுவானேன்?

சர்வரின் அமைப்புகளில் எவற்றை மாற்ற வேண்டும்?

இரண்டு மாற்றங்களே பெரும்பயன் தருபவை. முதலாவது, முன்பதிவேட்டின் உச்ச அளவைக் குறிக்கும் மேக்ஸ்-வால்-சைஸ். இதன் இயல்பு மதிப்பு 1 ஜிபி. பெரிய ஏற்றத்தின்போது இந்த அளவு சில நொடிகளிலேயே எட்டப்பட்டு, செக்பாயிண்ட் அடுத்தடுத்து நடக்கும். ஒவ்வொன்றின்போதும் மாறிய பக்கங்கள் அனைத்தும் டிஸ்க்குக்குத் தள்ளப்படும். செக்பாயிண்ட்கள் மிக அடிக்கடி நடப்பதாகச் சர்வரின் லாகில் எச்சரிக்கை தென்பட்டால், ஐயமின்றி இந்த மதிப்பைப் பல பத்து ஜிபிகளாக உயர்த்துங்கள். இரண்டாவது, இண்டெக்ஸ் கட்டும்போது வரிசைப்படுத்தலுக்குக் கிடைக்கும் மெயின்டனன்ஸ்-வொர்க்-மெம். இயல்பாக 64 எம்பி மட்டுமே உள்ள இதைச் சோதனைச் சர்வரில் 1 அல்லது 2 ஜிபி ஆக்குவதில் தயக்கம் வேண்டாம்.

போஸ்ட்கிரெஸின் பொது நினைவகமான ஷேர்டு-பஃபர்ஸ் அளவை உயர்த்தினால் ஏற்றம் விரைவுபடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காப்பி கட்டளை அந்தப் பொது நினைவகத்தை முழுக்க ஆக்கிரமிக்காமல், 16 எம்பி அளவுள்ள சிறு வளையம் ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால், அந்த மாற்றத்தால் காப்பிக்கு அதிகப் பயன் இருக்காது. வினவல்களுக்கு அது தேவைப்படும் என்பது வேறு விஷயம்.

ஏற்றத்துக்காக மாற்றிய அமைப்புகளை, அளவீடு தொடங்குமுன் உற்பத்திச் சூழலின் மதிப்புகளுக்குத் திருப்பிவிட மறக்காதீர்கள்.

முன்பதிவேட்டை அடியோடு தவிர்க்க முடியுமா?

வால் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முன்பதிவேட்டில், அட்டவணையில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் முன்கூட்டியே எழுதப்படுகிறது. ஆகவே நீங்கள் ஏற்றும் தரவு ஏறத்தாழ இரண்டு முறை எழுதப்படுகிறது எனலாம். இதைத் தவிர்க்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: வால்-லெவல் அமைப்பை மினிமல் என்று வைத்து, பிரதி சர்வர்களுக்கான இணைப்புகளின் எண்ணிக்கையைச் சுழியாக்கி, சர்வரை மறுபடி தொடங்குங்கள். அதன்பின் அட்டவணையை உருவாக்குவதோ ட்ரங்கேட் செய்வதோ (முழுக்கக் காலி செய்வதோ) காப்பியோடு ஒரே பரிவர்த்தனைக்குள் நிகழுமானால், போஸ்ட்கிரெஸ் அந்தத் தரவை முன்பதிவேட்டில் எழுதாமல், கமிட் நேரத்தில் அட்டவணைக் கோப்பை மட்டும் டிஸ்க்கில் உறுதிசெய்கிறது. இடையில் சர்வர் விழுந்தால் பரிவர்த்தனையே இல்லாமல் போவதால் ஆபத்து ஏதுமில்லை.

அன்லாக்டு அட்டவணை என்பது வேறு வகை. அது எப்போதுமே முன்பதிவேட்டைத் தொடாது. சர்வர் திடீரென்று நின்று மீண்டும் எழுந்தால் காலியாகவே எழும். ஏற்றியபின் அதை இயல்பான அட்டவணையாக மாற்றினால், பிரதி சர்வருள்ள இயல்பு அமைப்பில் அட்டவணை முழுவதும் அப்போது முன்பதிவேட்டில் எழுதப்படும். மிச்சப்படுத்திய நேரம் அங்கே போய்விடும். மாற்றாமலே விட்டு எழுதும் வேகத்தை அளந்தால், உற்பத்திச் சூழலில் ஒருபோதும் கிடைக்காத எண் கிடைக்கும்.

எழுதியது டிஸ்க்கில் உறுதியாகப் பதியும்வரை காத்திருக்கச் செய்யும் எஃப்சிங்க் அமைப்பை அணைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். மின்சாரம் போனால் தரவுத்தளம் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கத் தயாராக இருப்பவர் செய்யலாம்.

பல கோப்புகளை ஒரே நேரத்தில் ஏற்றினால் விரைவாக முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஒரு காப்பி கட்டளை ஒரே செயலாக்கமாக இயங்குகிறது. வேகமான எஸ்எஸ்டி உள்ள கணினியில் அந்த ஒரு சிபியூ மையம்தான் எழுத்துகளை எண்களாகவும் தேதிகளாகவும் மாற்றிக்கொண்டு மூச்சு வாங்கும், டிஸ்க் சும்மா இருக்கும். டிபிஜென் நிரலிடமே தரவைப் பல துண்டுகளாகப் பிரித்துத் தரச் சொல்லலாம். துண்டுக்கு ஓர் இணைப்பு என்று நான்கு அல்லது எட்டு இணைப்புகளில் ஓட்டிப் பாருங்கள். எல்லா இணைப்புகளும் ஒரே அட்டவணையை நீட்டிக்கப் போட்டியிடுவதால் ஓர் எல்லைக்கு மேல் பயன் கூடாது. 2023இல் வந்த 16ஆம் பதிப்பில் இந்த நெருக்கடி வெகுவாகத் தளர்ந்துள்ளது.

முந்தைய விடையை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு முரணைக் கண்டிருப்பார்கள். முன்பதிவேட்டைத் தவிர்க்க அட்டவணையை உருவாக்குவதும் நிரப்புவதும் ஒரே பரிவர்த்தனையில் இருக்க வேண்டும். பல இணைப்புகள் ஒரே பரிவர்த்தனையைப் பகிர முடியாது. இரண்டு பயனும் வேண்டுமென்றால் அட்டவணையைப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வோர் இணைப்பும் தன் பகுதியைத் தனி அட்டவணையாக உருவாக்கி நிரப்பிக் கமிட் செய்யட்டும். இறுதியில் எல்லாவற்றையும் தாய் அட்டவணையோடு இணைத்துவிடலாம். ஆனால் உற்பத்தியில் இல்லாத பகுதிப் பிரிப்பை ஏற்றும் வசதிக்காக மட்டும் கொண்டுவந்தால் வினவல் திட்டங்கள் மாறிவிடும். அந்த விலை அதிகம் என்பதே என் கருத்து.

ஐந்து கோடியாவது பதிவில் பிழை வந்து எல்லாம் வீணாகிவிட்டது. என்ன செய்வது?

காப்பி ஒரே பரிவர்த்தனை. ஒரு பதிவு தவறினால் அனைத்தும் திரும்பப் பெறப்படும். அதுவரை எழுதிய பக்கங்கள் பயனற்ற இடமாக அட்டவணையிலேயே தங்கிவிடும் என்பதால், மறுபடி ஏற்றுமுன் ட்ரங்கேட் செய்துவிடுங்கள்.

2024இல் வெளிவந்த 17ஆம் பதிப்பில், வகை மாற்றத்தில் தவறும் பதிவுகளை விட்டுவிட்டு மேலே செல்லுமாறு காப்பியிடம் கூறலாம். புலங்களின் எண்ணிக்கை மாறும் வரிகளுக்கு அது உதவாது. பழைய பதிப்புகளில், எல்லாப் புலங்களும் டெக்ஸ்ட் வகையாக உள்ள இடைநிலை அட்டவணையில் ஏற்றி, அங்கே சலித்து எடுத்துக்கொள்வதே வழக்கம்.

பிழைகளில் பெரும்பகுதி சில இடங்களிலிருந்தே வருகிறது. விண்டோஸில் உருவான கோப்பின் வரி முடிவுகள் ஒன்று. எக்செல் சேமித்த சிஎஸ்வி கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் பைட் குறி இன்னொன்று. வெற்று மதிப்பை நல் (மதிப்பு இல்லாமை) என்று கொள்வதா, நீளமற்ற எழுத்துத்தொடர் என்று கொள்வதா என்ற குழப்பம் மற்றொன்று: சிஎஸ்வி முறையில் மேற்கோள் இல்லாத வெற்றிடம் நல் ஆகும், இயல்பான டெக்ஸ்ட் முறையில் அது வெற்று எழுத்துத்தொடரே, அதனால் எண் புலத்தில் பிழை விழும். முழுக் கோப்பைத் தொடுமுன் முதல் பத்தாயிரம் வரிகளையும் கடைசிப் பத்தாயிரம் வரிகளையும் ஏற்றிப் பார்ப்பது சோம்பேறித்தனம் போலத் தோன்றினாலும் பல இரவுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இடையில் பார்க்க முடியுமா?

14ஆம் பதிப்பிலிருந்து பிஜி-ஸ்டாட்-ப்ராக்ரஸ்-காப்பி என்ற காட்சியில் பார்க்கலாம். பைப் வழியாக ஊட்டும்போது கோப்பின் மொத்த அளவு அதற்குத் தெரியாது. ஏறிய அளவு மட்டுமே தெரியும்.

ஏற்றி முடித்துவிட்டேன். உடனே வினவல்களை ஓட்டலாமா?

கூடாது. முதலில் அனலைஸ். ஒவ்வொரு புலத்திலும் எத்தனை வேறுபட்ட மதிப்புகள் உள்ளன, எவை அடிக்கடி வருகின்றன என்பதை மாதிரி எடுத்துக் கணித்து வைப்பது அதன் வேலை. இயல்பு அமைப்பில் ஓர் அட்டவணைக்கு 30,000 பதிவுகளை அது மாதிரியாக எடுக்கிறது. இந்தக் கணிப்பு இல்லாத நிலையில் பிளானர் குத்துமதிப்பாகத் திட்டம் போடும். தானியங்கிப் பராமரிப்பு சிறிது நேரத்தில் இதைச் செய்துவிடும் என்பதே இதிலுள்ள பொறி. ஒருமுறை நான் காலையில் ஓட்டிய வினவல் ஒன்று நாற்பது நிமிடம் எடுத்தது. மாலையில் அதே வினவல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. இடையில் நான் மாற்றிய ஓர் அமைப்புக்கு அந்தப் பெருமையைக் கொடுத்து அறிக்கையும் எழுதிவிட்டேன். உண்மையில் நடுப்பகலில் தானியங்கி அனலைஸ் ஓடியிருந்தது. அறிக்கையைத் திரும்பப் பெற்ற அந்த நாளிலிருந்து, ஏற்றும் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியாக அனலைஸ் இல்லாத எதையும் நான் ஓடவிடுவதில்லை.

அடுத்தது வேக்கூம். புதிதாக ஏறிய பதிவுகளை முதலில் படிக்கும் வினவல், அவற்றை எழுதிய பரிவர்த்தனை கமிட் ஆனதா என்று விசாரித்து, விடையை ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் குறிக்கிறது. அதாவது, வெறும் செலக்ட் என்று நீங்கள் நினைப்பது பின்னணியில் அட்டவணையையே மாற்றிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கங்கள் டிஸ்க்குக்கும் போகும். முதல் ஓட்டம் மட்டும் காரணமின்றி மெதுவாக இருப்பது பல நேரங்களில் இதனால்தான். வேக்கூம் இந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவதோடு, இண்டெக்ஸை மட்டும் படித்து விடை தரும் திட்டங்களுக்குத் தேவையான, எந்தப் பக்கங்களின் பதிவுகள் எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் தெரியும் என்று காட்டும் விசிபிலிட்டி வரைபடத்தையும் நிரப்புகிறது. 2020இல் வந்த 13ஆம் பதிப்புக்கு முன்பு, செருகல்கள் மட்டுமே நிகழும் அட்டவணையைத் தானியங்கி வேக்கூம் வெகுகாலம் எட்டிப் பார்க்காது. பழைய பதிப்பில் சோதிப்பவர்கள் தாமே அதை ஓட்டுவது கட்டாயம்.

இறுதியாக ஒரு செக்பாயிண்ட் கொடுத்து, டிஸ்க் அடங்கும்வரை பொறுத்திருங்கள்.

கேஷ் நிலையை எப்படிக் கட்டுப்படுத்துவது?

போஸ்ட்கிரெஸ் சர்வரை நிறுத்தித் தொடங்கினால் அதன் சொந்த நினைவகம் மட்டுமே காலியாகும்; லினக்ஸ் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பக்கக் கேஷில் தரவு அப்படியே இருக்கும். சர்வரை நிறுத்தி, சிங்க் கட்டளை கொடுத்து, ப்ராக் கோப்பகத்திலுள்ள ட்ராப்-கேஷஸ் கோப்பில் ரூட் பயனராக 3 என்று எழுதியபின் தொடங்கினால்தான் குளிர்ந்த நிலை. சூடான நிலை வேண்டுமென்றால் பிஜி-ப்ரீவார்ம் நீட்சியால் அட்டவணைகளை நினைவகத்தில் ஏற்றலாம். ஏற்றி முடித்த கையோடு அளப்பவர்களுக்குக் கிடைப்பது இரண்டுங்கெட்டான் நிலை: கடைசியாக ஏறிய அட்டவணை கேஷில் இருக்கும், முதலில் ஏறியது வெளியேறியிருக்கும்.

புதிதாக ஏற்றிய தரவில் வேகமாக ஓடும் வினவல், உற்பத்தியில் ஏன் தடுமாறுகிறது?

புதிதாக ஏற்றிய தரவுத்தளம் குடிபுகாத வீடு போன்றது. பதிவுகள் கோப்பில் இருந்த வரிசையிலேயே பக்கங்களில் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருக்கும். இண்டெக்ஸ் பக்கங்கள் இயல்பான 90 சதவீத நிரப்பளவில் சீராக இருக்கும். அழிந்த பதிவு ஒன்றுகூட இருக்காது. உற்பத்தியிலோ பல ஆண்டு அப்டேட்களும் டிலீட்களும் அட்டவணையில் ஓட்டைகளை உண்டாக்கியிருக்கும். இண்டெக்ஸ் பக்கங்கள் பிளந்து பிளந்து பாதி காலியாக நிற்கும்.

வரிசையின் தாக்கம் இரு திசையிலும் வேலை செய்யும். லைன்ஐடெம் கோப்பு ஆர்டர் எண் வரிசையில் வருவதால், ஒரு ஆர்டர் எண் வரம்பைத் தேடும் வினவல் அடுத்தடுத்த சில பக்கங்களிலேயே விடையைக் கண்டுவிடும்; இது உண்மையை மிகைப்படுத்தும் வேகம். மறுபுறம், டிபிஜென் ஆர்டர் தேதியை ஆர்டர் எண்ணோடு தொடர்பின்றி 1992 முதல் 1998 வரையிலான காலத்தில் எங்கு வேண்டுமானாலும் இடுகிறது. உண்மையான கடையில் நேற்றைய ஆர்டர் இன்றைய ஆர்டருக்கு முன்பே எழுதப்பட்டிருக்கும் அல்லவா? பக்கத் தொகுதி ஒவ்வொன்றின் குறைந்த, உயர்ந்த மதிப்புகளை மட்டும் குறித்துவைக்கும் பிரின் வகை இண்டெக்ஸைத் தேதிப் புலத்தில் இந்தத் தரவில் சோதித்துவிட்டு அது உதவாது என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய சொந்தத் தரவில் அது மிக நன்றாக வேலை செய்திருக்க வாய்ப்புண்டு. மதிப்புகளின் வரிசையும் டிஸ்க்கில் அவை இருக்கும் வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும், பிஜி-ஸ்டாட்ஸ் காட்சியிலுள்ள கோரிலேஷன் புலத்தை உற்பத்தியிலும் சோதனையிலும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு ஒரே பார்வையில் புலப்படும்.

தீர்வாக, ஏற்றியபின் தரவைத் தேதி வரிசையிலோ தற்போக்கு வரிசையிலோ புதிய அட்டவணைக்கு மாற்றி எழுதலாம். பிறகு பத்தில் ஒரு பங்கு பதிவுகளையாவது சிறுசிறு பரிவர்த்தனைகளாக அப்டேட் செய்து, அட்டவணையைச் சற்றே பழையதாக்கலாம்.

எங்கள் தரவில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. டிபிஜென் தரவு போதுமா?

போதாது. டிபிஜென் தருவது ஆங்கில எழுத்துகள் மட்டுமே. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அவை ஒவ்வொன்றும் 1 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (ஓர் எழுத்துக்கோ துணைக் குறிக்கோ யூனிகோட் தரும் எண்) 3 பைட். தமிழ் என்ற சொல்லே 5 புள்ளிகளும் 15 பைட்களும் கொண்டது. எழுத்துத்தொடருக்கான வார்ச்சார் புலத்தின் நீள எல்லை பைட்களையோ நாம் கண்ணால் காணும் எழுத்துகளையோ எண்ணாமல் இந்தப் புள்ளிகளை எண்ணுகிறது. பெயர், முகவரி போன்ற புலங்கள் பெருத்தால் ஒரு பக்கத்தில் அடங்கும் பதிவுகள் குறையும், இண்டெக்ஸும் வீங்கும். மொழிசார்ந்த வரிசைமுறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இண்டெக்ஸ் கட்டும்போது நடக்கும் ஒப்பீடுகள், பைட் வரிசையான சி வரிசைமுறையைக் காட்டிலும் மெதுவாகவே நடக்கும். டிபிஜென் கோப்பின் பெயர்ப் புலங்களைத் தமிழ்ப் பெயர்களின் பட்டியலிலிருந்து நிரப்பி மாற்றிக்கொள்வது ஒரு நாள் வேலைகூட இல்லை.

மைஎஸ்கியூஎல்லில் இதெல்லாம் எப்படி?

அங்கே காப்பியின் இடத்தில் லோட் டேட்டா கட்டளை இருக்கிறது. கிளையண்ட் கணினியிலிருந்து ஏற்றும் வசதி 8.0 பதிப்பில் இயல்பாக அணைக்கப்பட்டுள்ளது, இயக்கிக்கொள்ள வேண்டும். பெரிய வேறுபாடு, மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபியில் அட்டவணையே முதன்மைத் திறவுகோலின் மரமாக அமைந்திருப்பது. எனவே முதன்மைத் திறவுகோலைப் பின்னால் சேர்ப்பது இங்கு தவறான அறிவுரை. கோப்பை அந்தத் திறவுகோலின் வரிசையில் அடுக்கி ஏற்ற வேண்டும். மற்ற இண்டெக்ஸ்களைப் பிறகு கட்டலாம். 8.0.21 முதல், முன்பதிவேட்டுக்கு இணையான ரீடூ லாகை ஏற்றத்தின்போது அணைத்து வைக்கவும் முடிகிறது. அயல் திறவுகோல் சரிபார்ப்பை அணைத்து ஏற்றினால், மீண்டும் இயக்கும்போது ஏற்கெனவே உள்ள பதிவுகள் சரிபார்க்கப்படுவதில்லை.

எல்லாம் சரியாக ஏறியதா என்று எப்படி உறுதிசெய்வது?

எண்ணிக்கையில் தொடங்குங்கள். காரணி 1இல் கஸ்டமர் 1,50,000, பார்ட் 2,00,000, பார்ட்சப் 8,00,000, சப்ளையர் 10,000, நேஷன் 25, ரீஜன் 5. ஒவ்வோர் ஆர்டருக்கும் 1 முதல் 7 வரை உள்விவரங்கள் தற்போக்காக அமைவதால் லைன்ஐடெம் எண்ணிக்கை காரணியின் சரியான மடங்காக இராது: காரணி 10இல் 5,99,86,052, காரணி 100இல் 60,00,37,902.

எண்ணிக்கை பொருந்தியும் புலங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதால் ஒரு விடையையும் ஒப்பிடுங்கள். காரணி 1க்கான விடைகளை டிபிசி தன் கருவித் தொகுப்பிலேயே தருகிறது. முதல் வினவலின் முதல் வரியில் அளவுகளின் கூட்டுத்தொகை 3,77,34,107 என்று வர வேண்டும். பைசா வரை பொருந்தவில்லை என்றால், பணப் புலங்களை டெசிமல் வகைக்குப் பதிலாக மிதவை எண்ணாக அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மிதவை எண் கூட்டலை விரைவாக்கும் என்பதால் அதை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. அது அளவீட்டில் செய்யும் கள்ளத்தனம்.

கிடைத்த எண்களை டிபிசி-ஹெச் முடிவு என்று வெளியிடலாமா?

கூடாது. அந்தப் பெயரில் முடிவை வெளியிடத் தணிக்கை உட்பட டிபிசியின் விதிகள் முழுவதையும் பின்பற்ற வேண்டும். அந்த விதிகளின்படி தரவை ஏற்ற எடுத்த நேரத்தையும் அறிவிக்க வேண்டும். டிபிசி-ஹெச் தரவைத் தழுவிய சோதனை என்றும், முறையான முடிவுகளோடு ஒப்பிடத்தக்கதல்ல என்றும் எழுதிவிடுங்கள்.

எழுதும் சோதனைக்குப் பிறகு தொடக்க நிலைக்கு எப்படித் திரும்புவது?

ஒவ்வொரு முறையும் கோப்பிலிருந்து ஏற்ற வேண்டியதில்லை. ஏற்றி, அனலைஸும் வேக்கூமும் முடித்த தரவுத்தளத்தை வார்ப்புருவாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து புதிய தரவுத்தளத்தை உருவாக்கலாம்; அப்போது வார்ப்புருவோடு வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது. 15ஆம் பதிப்பிலிருந்து இந்த நகலெடுப்பு இயல்பாக முன்பதிவேட்டின் வழியே நடப்பதால், பெரிய தரவுத்தளத்துக்குக் கோப்பு நகல் உத்தியை வெளிப்படையாகக் கேட்டுப் பெறுங்கள். சர்வரை நிறுத்திவிட்டுத் தரவுக் கோப்பகத்தையே நகலெடுத்து வைப்பதும் ஏற்றதே. இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை இருந்தால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது நொடிகளில் முடியும்.

தரவைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் பிஜி-டம்ப் கொண்டு எடுத்த நகலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது பதிவுகளை மறுபடி வரிசையாக எழுதி, இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டுகிறது. நீங்கள் பாடுபட்டுப் பழையதாக்கிய அட்டவணை மீண்டும் குடிபுகாத வீடாகத் திரும்பி வரும்.